எஃப் எழுத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்: ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 – எது காசுக்கு ஏற்றது?

கேள்வி – 8 ஜனவரி 2023

ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கணினி அசெம்பிள் செய்ய வேண்டும். கல்யாண வீடியோ எடிட்டிங், கொஞ்சம் பக்க வடிவமைப்பு, விளையாட்டு கிடையாது. புராசசருக்கு இன்டெல் ஐ5-12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 5600 என்று இரண்டில் வந்து நிற்கிறேன். எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போடப்போகிறவர்கள் எஃப் இல்லாத 12400-க்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

பதில் – 8 ஜனவரி 2023, இரவு 10.20

தவறில்லை, எஃப் போதும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர அந்த எழுத்துக்கு வேறு பொருள் இல்லை. ஆறு கோர் (கணக்குப் போடும் மூளைப்பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 18 எம்பி கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும் வேகம் என மற்றவை எல்லாம் ஒன்றே. தனி கார்டு போடுகிறவருக்கு அந்தப் பகுதி மாடியில் பூட்டிக் கிடக்கும் அறை மாதிரி; அதற்கு வாடகை கொடுப்பானேன்?

என்னிடம் இரண்டுமே இருக்கின்றன. கும்பகோணத்தில் ஸ்டுடியோவில் இருப்பது 12400எஃப். போன ஆடியில் 16,400 ரூபாய்க்கு வாங்கியது. வீட்டில் இருப்பது 5600. 2018 கடைசியில் ரைசன் 5 2600-உடன் வாங்கிய பி450 மதர்போர்டிலேயே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்து அதைப் பொருத்தினேன். நாற்பது நிமிட முகூர்த்த வீடியோ ஒன்றை, கார்டின் உதவியை அணைத்துவிட்டு, இரண்டிலும் வெளியேற்றி (எக்ஸ்போர்ட் செய்து) பார்த்தபோது இன்டெல் ஒன்றரை நிமிடம் முன்னால் முடித்தது. டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோகும் இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஊரெல்லாம் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே முடிவு செய்ய வேண்டியது புராசசரின் விலையில் இல்லை. இரண்டுக்கும் பெட்டியிலேயே கூலர் வருகிறது, ரேம் இரண்டுக்கும் டிடிஆர்4 போதும், எஞ்சுவது மதர்போர்டு. 5600-க்கு ஓர் எளிய பி450 போர்டு போதும். 12400எஃப்-க்கு எச்610 போர்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் ரேம் செருக இரண்டே இடங்கள். பி660-க்குப் போனால் மூன்று நான்கு ஆயிரம் கூடிவிடும். கூட்டிக் கழித்தால் ஏஎம்டி பக்கம் நாலாயிரம் ரூபாய் வரை மிஞ்சும். அதை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

இன்னொன்று: நான் இங்கே 'செயலி' என்று எழுதாமல் 'புராசசர்' என்றே எழுதப்போகிறேன். போன மாதம் ஒருவரிடம் "உங்கள் கணினியில் என்ன செயலி?" என்று கேட்டதற்கு, "பணம் அனுப்புகிற செயலி ஒன்று, ரயில் டிக்கெட் செயலி ஒன்று" என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

9 ஜனவரி 2023, காலை 6.50

திருத்தம். 4.6 கிகாஹெர்ட்ஸ் என்று நேற்று எழுதியது தவறு. 12400, 12400எஃப் இரண்டும் 4.4 வரைதான் ஏறும். 4.6 என்பது ஐ5-12500-இன் எண். அதற்குக் கூடுதலாகக் கேட்கும் காசு இந்த இருநூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான். அதை வாங்குவது இன்னும் பெரிய வீண்.

9 ஜனவரி 2023, இரவு 9.30

சினிபெஞ்ச் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று நேற்று எழுத நினைத்து விட்டுவிட்டேன். அது ஒரே ஒரு முப்பரிமாணக் காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோர்களுக்கும் கொடுத்து வரையச் சொல்லும் சோதனை. கோர்கள் ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் ஓடக்கூடிய வேலை அது. எடிட்டிங் அப்படிப்பட்டதல்ல. டைம்லைனை (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் பட்டையை) இழுத்தால் வட்டிலிருந்து கோப்பு வர வேண்டும். சுருக்கப்பட்ட படம் விரிய வேண்டும். நிறத் திருத்தம் கார்டில் நடக்க வேண்டும். அதன் பிறகுதான் திரையில் படம் நகரும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்திருக்கிறது என்பதைச் சினிபெஞ்ச் சொல்லாது.

அந்தச் சோதனையில் நன்றாகத் தெரியக்கூடிய ஒன்றும் உண்டு. 12400எஃப் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும், இன்டெல்லின் அட்டவணையிலேயே டர்போ உச்சம் (முழு வேகத்தில் எடுக்கும் மின்சாரம்) 117 வாட் என்று இன்னொரு வரி இருக்கிறது. சில மதர்போர்டுகள் அந்த உச்சத்தைக் கால வரம்பில்லாமல் ஓடவிடுகின்றன. சில மலிவு போர்டுகள் விரைவிலேயே 65-க்கு இறக்கிவிடுகின்றன. ஒரே புராசசருக்கு இரண்டு இடங்களில் இரண்டு மதிப்பெண்கள் இருந்தால் முதலில் போர்டைப் பாருங்கள்.

3 பிப்ரவரி 2023, நள்ளிரவு 12.15

என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

தை மாதம் முழுக்க முகூர்த்தம். புதுக் கேமராவை முதல் முறையாகக் கல்யாணத்துக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் சொன்னபடி உயர்ந்த தரத்திலேயே வைத்துப் பிடித்தேன்: எச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை), 10 பிட் (நிற நுணுக்கம்), 4:2:2. ஸ்டுடியோவுக்கு வந்து டைம்லைனில் போட்டு ஓட்டினால், கெட்டிமேளம் காதில் கேட்கிறது, மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நிற்கிறது. மேளம் ஓய்ந்து அட்சதை விழுந்த பிறகு, ஒரே தாவலில் தாலி கழுத்துக்குப் போய்விடுகிறது. மூன்று முடிச்சில் ஒன்றுகூட திரையில் தெரியவில்லை. பன்னிரண்டு திரெட்டும் நூறு சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருக்க, இருபதாயிரம் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

எதிர்த்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் தனி கார்டே இல்லாத, எஃப் இல்லாத வெறும் 12400 இருக்கிறது. அதே கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஓட்டினோம். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது.

காரணம் இதுதான். 4:2:0 என்பது நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவலைச் சேமிக்கும் முறை. 4:2:2 இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று சேமிக்கும். நிறத் திருத்தத்துக்கு இது நல்லது, ஆனால் இந்த வகை எச்இவிசி கோப்பைப் பிரிப்பதற்கான (சுருக்கியதை விரிப்பதற்கான) தனி மின்சுற்று எல்லாச் சில்லுகளிலும் கிடையாது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் மேசைக் கணினிப் புராசசர்களின் உள் கிராபிக்ஸில் அது இருக்கிறது. குவிக் சிங்க் என்று அவர்கள் அழைக்கும் பகுதி அது. என்விடியாவின் இப்போதைய கார்டுகள் 4:2:0-ஐப் பிரிக்கும், 4:4:4-ஐக்கூடப் பிரிக்கும், நடுவில் இருக்கும் 4:2:2-ஐப் பிரிக்காது. எஃப் எழுத்து அணைத்து வைத்திருப்பது இந்தப் பகுதியையும் சேர்த்துத்தான். பூட்டிக் கிடக்கும் மாடி அறை என்று எழுதினேனே, சமையலறை அங்கேதான் இருந்திருக்கிறது.

ரைசன் 5 5600-இல் உள் கிராபிக்ஸே கிடையாது. ஆகவே இந்த வேலையில் அதுவும் 12400எஃப்-உம் ஒரே நிலையில்தான் இருக்கின்றன.

3 பிப்ரவரி 2023, காலை 8.05

தூங்கி எழுந்து படித்தால் நேற்று கொஞ்சம் பதறி எழுதியிருக்கிறேன். சாதாரண 8 பிட் 4:2:0 கோப்புகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எந்தக் கார்டும் அவற்றைப் பிரித்துவிடும். 4:2:2-இலும் வெளியேற்றும் நேரத்தில் பெரிய பாதிப்பு இல்லை. திணறல் எல்லாம் டைம்லைனை ஓட்டிப் பார்க்கும்போதுதான். புராக்சி (எடிட்டிங்குக்கான எடை குறைந்த நகல்) செய்துகொண்டால் அதுவும் தீரும். நான் இப்போது ராத்திரி கடை சாத்தும்போது புராக்சி செய்யப் போட்டுவிட்டுப் போகிறேன். காலையில் தயாராக இருக்கிறது. மின்சாரம் போகாமல் இருந்தால்.

உங்கள் கணினியில் அந்தச் சுற்று வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் கிராபிக்ஸ் சில்லைத் தேர்ந்தெடுத்தால் 'வீடியோ டீகோட்' என்று ஒரு கட்டம் தெரியும். படம் ஓடும்போது அதில் கோடு எழும்ப வேண்டும். அது தரையோடு படுத்திருந்து சிபியு (புராசசர்) மட்டும் மலை ஏறினால், பிரிக்கும் வேலை முழுவதும் கோர்களின் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள்.

19 பிப்ரவரி 2023

ஜனவரி 9-இன் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 12500-க்கும் 12400-க்கும் இடையில் இருநூறு மெகாஹெர்ட்ஸ் மட்டுமே வித்தியாசம் என்று எழுதியிருந்தேன். 12400-இல் இருக்கும் உள் கிராபிக்ஸ் யுஎச்டி 730. 12500-இல் இருப்பது யுஎச்டி 770. முதலாவதில் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் பொறி ஒன்று, இரண்டாவதில் இரண்டு. மேடைக்கு ஒரு கேமரா, பந்தலுக்கு ஒரு கேமரா என்று இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி வெட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது பொறிதான் உண்மையான சரக்கு. 'இன்னும் பெரிய வீண்' என்று நான் தள்ளிய புராசசர்தான் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இதற்கு ஒரு பத்தி இல்லை. கோர், வேகம், கேஷ், விலை என்று நான்கு பத்திகளோடு முடித்துவிடுகிறார்கள்.

22 ஏப்ரல் 2023, மதியம் 2.40

அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அறையில் இப்போதே 38 டிகிரி.

ஜனவரியில் இதே அறை 27 டிகிரியில் இருந்தபோது, வெளியேற்றும் வேலையில் 12400எஃப் 69 டிகிரி காட்டியது. இன்று அதே வேலைக்கு 80. அறையின் சூடு எவ்வளவு ஏறியதோ, ஏறக்குறைய அவ்வளவும் சில்லின் சூட்டில் ஏறிவிடுகிறது. ஏசி அறையில் அளந்து வெளியிடப்படும் எண்களை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது இந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரியை நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். 12400எஃப், 5600 போன்ற சிறிய புராசசர்களுக்கு இது பொருட்டில்லை. பெட்டியோடு வந்த கூலரே சமாளித்துவிடும். மேலே போகப் போகத்தான் கணக்கு உதைக்கும். ஐ9-13900கே-இன் டர்போ உச்சம் 253 வாட். ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 170 வாட் என்று பெயர், சாக்கெட் (புராசசரைப் பொருத்தும் இடம்) வழியாக 230 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. அதன் வடிவமைப்பே 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று வேலை செய்வதுதான் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

சில்லு தின்னும் மின்சாரம், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப ஏறுகிறது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மின்னழுத்தத்தைத் தூக்க வேண்டியிருப்பதால், கடைசிப் படியில் ஏறுவதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிகமாக வியர்க்க வேண்டியிருக்கிறது. பெரிய ரைசன்களை ஈகோ மோடில் (மின்சாரத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பில்) போட்டால் வேகம் சிறிதே குறைந்து சூடு பெருமளவு தணிவது இதனால்தான்.

பணமாக்கிப் பார்த்தால்: நூறு வாட் கூடுதல், நாளுக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் 20 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் மாதம் 160 ரூபாய். மூன்று வருடத்தில் 5,760. புராசசரின் விலையில் இதைச் சேர்க்காமல் 'ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம்' என்று கணக்குப் போடுவது, சோற்றை எண்ணிவிட்டுச் சாம்பாரை விட்ட கதைதான்.

யுபிஎஸ் விஷயம் தனி. 600 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை 360 வாட் தாங்கக்கூடியவைதான். போன வாரம் நண்பர் ஒருவருக்கு இன்டெல் ஐ5-13600கே நல்ல தேர்வு என்று சொல்லி வாங்க வைத்தேன். ஆறு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர், டர்போ உச்சம் 181 வாட். கார்டும் இரண்டு மானிட்டரும் அதோடு சேர்ந்தன. முதல் தடவை மின்சாரம் போனபோது யுபிஎஸ் ஒரே ஒரு முறை கூவிவிட்டு அவரோடு சேர்ந்து இருட்டில் உட்கார்ந்துவிட்டது. யுபிஎஸ் விலையையும் சேர்த்துச் சொல்லாதது என் தவறு.

30 ஜூலை 2023

ஆடி பிறந்தால் ஸ்டுடியோக்காரனுக்கு வேலை இல்லை; ஆகவே கணினிகளைத் திறந்து தூசி தட்டும் மாதம் இது.

ஸ்டுடியோவில் 12400எஃப்-ஐக் கழற்றி, 20,800 ரூபாய் கொடுத்து வாங்கிய 12500-ஐப் போட்டேன். இருபது நிமிட வேலை. ஆனால் கணினியை ஏற்றிப் பார்த்தால் உள் கிராபிக்ஸே கண்ணில் படவில்லை. தனி கார்டு இருப்பதைக் கண்டதும் மதர்போர்டு அதைத் தானாகவே அணைத்துவிடுகிறது. பயாஸில் இரண்டையும் ஒன்றாக இயங்கவிடும் அமைப்பைத் தேடி இயக்கிய பிறகுதான் டாஸ்க் மேனேஜரில் இரண்டாவது சில்லு வந்தது. அந்தத் தாலிக் கோப்பை மீண்டும் ஓட்டினேன். மூன்று முடிச்சும் தெரிகின்றன.

பழைய எஃப்-ஐ ஒரு கல்லூரி மாணவர் 11,500-க்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு விளையாட்டு மட்டும்தான், ஆகவே மிகச் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. இரண்டாயிரம் மிச்சம் பிடித்ததற்கு நான் கட்டிய வட்டி 4,900 ரூபாய். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு ரசீதும் வைத்திருக்கிறேன்.

அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து 5600-இன் கூலரையும் கழற்றினேன். நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டுக் கூலரை நேராக மேலே இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கூலரோடு புராசசரும் வந்துவிட்டது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்கிறது, புராசசர் சூடு கடத்தும் பசையில் ஒட்டிக்கொண்டு என் கையில் தலைகீழாகத் தொங்குகிறது. 5600-க்கான சாக்கெட்டான ஏஎம்4-இல் ஊசிக்கால்கள் புராசசரின் அடியில் இருக்கின்றன. மேலே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் சட்டம் எதுவும் கிடையாது. இன்டெல்லின் எல்ஜிஏ1700-இலும் ஏஎம்டியின் புதிய ஏஎம்5-இலும் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன, சட்டம் ஒன்று புராசசரை அழுத்திப் பிடித்திருக்கும், அதனால் அங்கே இந்த விபத்து நேராது.

ஓரத்து வரிசையில் ஐந்து கால்கள் சாய்ந்திருந்தன. மகளின் மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெற்றுக் குழாய்க்குள் ஒவ்வொரு காலையும் நுழைத்து, கண்ணாடியைக் கழற்றி மூக்கருகில் வைத்துக்கொண்டு, முடியிழை அளவு முடியிழை அளவாக நிமிர்த்தினேன். முக்கால் மணி நேரம் ஆனது. நான்காவது கால் நிமிரும்போது மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். வியர்வை போர்டில் விழுந்துவிடும் என்று மறுபடியும் போடச் சொன்னேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

இயங்குகிறது. இனிமேல் செய்ய வேண்டிய முறையை எழுதிவைக்கிறேன்: கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டிப் பசையை இளகவைத்து, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டது என்று தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

31 ஜூலை 2023

'ஏஎம்டி சிறந்ததா, இன்டெல் சிறந்ததா' என்ற கேள்விக்கு நேற்றிரவு எங்கள் வீட்டில் கிடைத்த பதில்: பென்சிலைத் திருப்பிக் கொடுக்கிறவர் சிறந்தவர்.

27 டிசம்பர் 2023

ரைசன் 7 5800எக்ஸ்3டி வீடியோவுக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறார்கள். மார்கழி, நேரம் இருக்கிறது. கொஞ்சம் பழைய கதையும் சொல்லிவிடுகிறேன்.

2004-இல் நான் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தபோது வாங்கியது 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, பிரஸ்காட் வகை. அன்று எல்லோரும் பார்த்தது அந்த ஒரே எண்ணைத்தான். எண்ணை ஏற்றுவதற்காக ஒரு கட்டளையை 31 படிகளாக நறுக்கி வரிசையில் அனுப்பும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். முந்தைய பென்டியம் 4-இல் 20 படிகள். வரிசை நீளமானால் வேகத்தை ஏற்றலாம், ஆனால் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்ற ஊகம் ஒன்று தவறினால் அவ்வளவு நீள வரிசையையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து நிரப்ப வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல், அதே 2004-இல் அதைக் கைவிட்டது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டூவோவில் படிகள் 14. மறு வருடம் நான் 1.86 கிகாஹெர்ட்ஸ் இ6300 வாங்கியபோது, அழைப்பிதழ் அச்சடிக்க வந்த ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, பழசைவிடப் பாதி வேகத்துக்கு இறங்கிட்டீங்க?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அந்தப் பாதி வேகம் பழையதைத் தூக்கிச் சாப்பிட்டது என்பதை அவருக்கு விளக்க எனக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகு எண்ண வேண்டியது கோர் என்று ஆனது. 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் வரிசையை எட்டுக் கோர் என்று விற்றது. ஆனால் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்குப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டன. எட்டா, நான்கா என்ற சண்டை அமெரிக்க நீதிமன்றம் வரை போய், 2019-இல் 1.21 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இப்போது இன்டெல் பெரிய கோரையும் சிறிய கோரையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிறது. 13400-இன் பத்துக் கோர்களில் பெரியவை ஆறுதான்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, அதன் அண்ணனான 5800எக்ஸ்-ஐவிட வேகத்தில் குறைந்தது: 4.7-க்குப் பதில் 4.5. ஆனால் சில்லின் மேலேயே இன்னொரு அடுக்குக் கேஷை ஒட்டி, 32 எம்பியை 96 எம்பி ஆக்கினார்கள். விளையாட்டுகள் தங்களுக்கு வேண்டிய சிறு சிறு தகவல்களை ஒழுங்கில்லாமல் அங்கும் இங்குமாகத் தேடுபவை; ரேம் வரை ஓடாமல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் பாய்ச்சல் எடுக்கும். வீடியோ அப்படியில்லை. ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறும் ஆற்று நீர் அது. குளம் வெட்டி வைத்துப் பயனில்லை. வெளியேற்றும் வேலையில் 5800எக்ஸ்-தான் சற்று முன்னால் நிற்கும். விளையாடாதவர் அந்தக் கேஷுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 'மாடி அறை' என்று எழுதக் கை வருகிறது. ஒரு முறை பட்டுவிட்டதால் எழுதவில்லை.

11 ஆகஸ்ட் 2024

இந்த இழையில் 13600கே-ஐப் பரிந்துரைத்தவன் என்பதால் இதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசசர்களில், தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கும் மைக்ரோகோட் (புராசசருக்குள்ளேயே இருக்கும் நிரல்) பிழையால் சில்லு நாளடைவில் நிலைகுலையக்கூடும் என்று அந்த நிறுவனமே சென்ற மாதம் அறிவித்துவிட்டது. 0எக்ஸ்129 என்ற திருத்தம் இந்த மாதம் பயாஸ் வழியாக வருகிறது. உத்தரவாதத்தையும் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள். திருத்தம் இனிமேல் வரக்கூடிய கேட்டைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நண்பரின் கணினியில் கோளாறு எதுவும் தென்படவில்லை. நேற்று போய் பயாஸைப் புதுப்பித்துவிட்டு வந்தேன். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று பெரிய யுபிஎஸ் ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு போனேன்.

12 ஆகஸ்ட் 2024

மதர்போர்டின் ஆயுளைப் பற்றி இரண்டாவது யோசனை. ஏஎம்4-இன் பெருமையை நான் பலருக்கும் பாடியிருக்கிறேன். 2017-இல் முதல் ரைசனை ஏற்ற சாக்கெட், 2024 ஜனவரியிலும் 5700எக்ஸ்3டி என்ற புதுப் புராசசரைப் பெற்றிருக்கிறது. பழைய போர்டுகளுக்கு 5000 வரிசை கிடையாது என்று 2020-இல் ஏஎம்டி முதலில் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றிக்கொண்டதையும் மறக்க வேண்டாம். எல்ஜிஏ1700 மூன்று தலைமுறையோடு முடிகிறது. ஏஎம்5-ஐ 2027-உம் அதற்கு அப்பாலும் தொடர்வதாக இந்த ஜூனில் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு என் பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். இருபது வருடத்தில், போர்டை மாற்றாமல் புராசசரை மட்டும் மாற்றியது இரண்டே முறை: 2600-இலிருந்து 5600-க்கு, 12400எஃப்-இலிருந்து 12500-க்கு. இரண்டாவதை மேம்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது, அபராதக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மற்றெல்லாத் தடவையும், மாற்றும் காலம் வந்தபோது ரேம் வகையும் மாறியிருந்தது, போர்டும் சேர்ந்தே போனது. ஆகவே 'நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்ற வசதிக்கு இன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது.

2 பிப்ரவரி 2025

சென்ற மாதம் வந்த என்விடியா 50 வரிசைக் கார்டுகளில் 4:2:2 பிரிக்கும் சுற்று சேர்ந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் நான் எழுதியதைப் படிக்கிறவர்கள் இந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளவும். அந்தக் கார்டை வாங்குகிறவருக்கு எஃப் மறுபடியும் நியாயமான தேர்வுதான்.

23 நவம்பர் 2025

ஏறக்குறைய மூன்று வருடத்துக்குப் பிறகு கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். என் முதல் பதிலைப் படித்துவிட்டு அப்போதே 5600-உம் பி450-உம் வாங்கிவிட்டாராம். பின்னால் நான் எழுதிய திருத்தங்கள் எதையும் அவர் பார்க்கவில்லை. அவருடைய கேமரா 8 பிட் 4:2:0 மட்டுமே பதிவு செய்யும். ஆகவே ஒரு நாள்கூடத் திணறாமல் ஓட்டியிருக்கிறார். நான் 4,900 ரூபாய் கட்டிக் கற்ற பாடம் அவருக்குத் தேவையே இல்லாமல் போயிருக்கிறது. கேமரா எது என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இப்போது அவர் கேட்பது, முழுவதையும் மாற்றி ஏஎம்5-க்குப் போகலாமா என்பது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. 5600 விண்டோஸ் 11-ஐ ஏற்கும். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும், ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அது கையைக் கடிக்கும். வேகம்தான் குறை என்றால், அதே போர்டில் எட்டுக் கோர் 5700எக்ஸ் பொருந்தும். கழற்றும் முறை மேலே ஜூலை 30-ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது, பென்சிலோடு.

ஆனால் அவர் கடிதத்தின் கடைசி வரியில், தை பிறந்ததும் புதுக் கேமரா வாங்கப்போவதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அப்படியானால் புராசசரை இப்போதைக்குத் தொடாதீர்கள். கேமரா கடைக்குப் போய், நீங்கள் வைக்கப்போகும் தரத்திலேயே ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் வாங்கி வந்து, உங்கள் 5600-இல் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கட்டும்.